முதல் கடல்நீர்த் தொட்டி: மீன் மட்டுமா, பவளமும் சேர்த்தா?

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "பவளமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல மீன் மட்டும் வளர்த்துப் பழகுங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பவளம் நுணுக்கமானது, மீன் எதையும் தாங்கும் என்கிற கணக்கு. ஆனால் எந்த மீன், எந்தப் பவளம் என்று கேட்டுவிட்டால் இந்தக் கணக்கு நிற்பதில்லை. மீன் மட்டும் உள்ள தொட்டியில் வைக்க மனம் இழுப்பது சிங்க மீன், கிளாத்தி, பேத்தை, ஏஞ்சல் போன்ற பெரிய மீன்களைத்தான். அவற்றுக்கு வேண்டிய தொட்டியின் அளவும் வடிகட்டும் ஏற்பாடும் புதிதாக இறங்குபவர் தலையில் ஏற்றக்கூடிய சுமை இல்லை. நாலைந்து மென்பவளமும் சின்ன மீன் இரண்டு மூன்றும் உள்ள நடுத்தரத் தொட்டி அதைவிட எளிது. என் முடிவு இதுதான். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் சூழ்நிலை வேறாக இருந்தால் முடிவும் மாறலாம்.

மூன்று வழிகள்

கடல்நீர்த் தொட்டிகளை மூன்றாகப் பிரிக்கலாம். மீனும் பாறையும் மட்டும் உள்ளவை, மென்பவளமும் சின்ன மீன்களும் உள்ளவை, அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்காகவே அமைப்பவை.

முதல் வகைக்கு எம்பரர் ஏஞ்சலை எடுத்துக்கொள்வோம். கடையில் பார்க்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு. கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழன்றிருக்கும். வளர வளர அந்த வளையங்கள் மறைந்து மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் வரும், உடம்பு 40 செ.மீ. வரை நீளும். சிங்க மீனும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரும். அதன் முட்களில் விஷம் இருக்கிறது, வாய்க்குள் நுழையும் மீன் எதையும் விழுங்கிவிடும். திரைப்படத்தால் பிரபலமான நீல டாங்கும் 30 செ.மீ. வரை வளரும். ஓய்வில்லாமல் நீந்தும் மீன் என்பதால் அதற்கு நீளமான தொட்டி வேண்டும். இவற்றில் எதை எடுத்தாலும் ஐநூறு லிட்டருக்குக் குறைவாக யோசிப்பது அந்த மீனுக்குச் செய்யும் அநியாயம்.

இவை தின்னும் தீனியும் அதிகம். தீனி அம்மோனியாவாகும், அம்மோனியா நைட்ரைட் ஆகும், நைட்ரைட் நைட்ரேட் ஆகும். கடல்நீரின் பிஎச் அளவு 8.0 முதல் 8.4 வரை இருக்கும். பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் நச்சு வடிவம் கூடும். நன்னீரில் மீன் தாங்கிய அளவு அம்மோனியாவைக் கடல்நீரில் தாங்காது. அதனால் பெரிய மீன் தொட்டிக்குப் பெரிய ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) நிறைய நீர் மாற்றமும் கட்டாயம். பவளம் இல்லை என்று விளக்கில் மிச்சம் பிடித்தது, மாற்றும் நீருக்கான உப்பில் போய்விடும்.

மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு ஆதரவாக இன்னொரு வாதமும் சொல்வார்கள். நோய் வந்தால் தாமிர மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாம், பவளம் இருந்தால் முடியாது என்பார்கள். பாதிதான் உண்மை. தாமிரம் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும், அது சரி. ஆனால் பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மருந்தின் அளவு நிலையாக நிற்காது. அப்புறம் அந்தப் பாறையில் என்றைக்காவது பவளம் வைக்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிட வேண்டியதுதான். மருந்துக்குத் தனித் தொட்டிதான் சரி. அது தேவைப்படாத தொட்டி எந்த வகையிலும் இல்லை.

மூன்றாவது வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் நாள்தோறும் இழுக்கும். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி., மெக்னீசியம் 1,300 மி.கி. அளவில், காரத்தன்மை 8 அல்லது 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்று வைத்தால், அந்த எண்கள் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரோ, கால்சியத்தையும் காரத்தன்மையையும் தனித்தனிக் கரைசலாகச் சேர்க்கும் இரு கரைசல் முறையோ, ஏதாவது ஒன்றைத் தினமும் சேர்க்க வேண்டும். வலுவான விளக்கும், நாலா பக்கமும் புரளும் நீரோட்டமும் வேண்டும். ஒரே நாளில் காரத்தன்மை இரண்டு மூன்று புள்ளி குதித்தாலே நுனிகள் வெளுத்துக் கருகும். அழகில் இதற்கு இணை எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வருடமாவது வேறு தொட்டியைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் இதற்கு வர வேண்டும்.

இடையில் இருப்பது மென்பவளம். தோல் பவளம், காளான் பவளம், சோவாந்திட், பச்சை நட்சத்திரப் பாலிப், செனியா எல்லாம் இந்தக் கூட்டம். கல்பவளம் போலக் கனமான எலும்புக்கூடு இவற்றுக்கு இல்லை. ஆகவே கால்சியம் போன்றவற்றை வாராந்திர நீர் மாற்றமே ஈடுகட்டிவிடும். லிட்டருக்கு 5 முதல் 20 மி.கி. வரை நைட்ரேட் இருந்தால் இவை பொருட்படுத்துவதில்லை, சொல்லப்போனால் அதில் செழிப்பாகவே வளரும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுத்தமாகத் துடைத்தெடுத்த தொட்டிகளில்தான் டைனோஃப்ளாஜெலேட் என்கிற பழுப்பு நிறச் சளி படர்ந்து பாடாய்ப் படுத்தும்.

தோல் பவளத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். நன்றாக விரிந்திருந்த பவளம் ஒரு நாள் பாலிப் என்கிற பூப்போன்ற சின்ன உயிர்கள் அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல்தோல் மெழுகு பூசியது போலப் பளபளக்கும், அதன்மேல் தூசும் பாசியும் ஒட்டும். பார்ப்பவர் செத்துவிட்டது என்றே நினைப்பார். சில நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட அப்படியே இருக்கும். பிறகு அந்த மெழுகுப் படலம் கிழிந்து நீரோட்டத்தில் சுருள் சுருளாகப் பிரிந்து போகும், அடியில் புதுத் தோலும் முன்னைவிட நீளமான பாலிப்களும் தெரியும். அந்த நாட்களில் நாம் செய்ய வேண்டியது அதன்மேல் நீரோட்டம் கொஞ்சம் நன்றாகப் படும்படி வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) திருப்பிவைப்பது மட்டும்தான். பயந்துபோய் இடம் மாற்றுவதும், மருந்துக் கரைசலில் முக்குவதும் அதைப் பலவீனப்படுத்தும்.

மென்பவளத்திலும் குறைகள் உண்டு. தோல் பவளங்கள் நீரில் வேதிப்பொருட்களைக் கசியவிட்டுப் பக்கத்துப் பவளங்களை அடக்கப் பார்க்கும். வடிகட்டப் பயன்படும் செயலூட்டிய கரி ஒரு பை போட்டு, மாதம் ஒருமுறை மாற்றினால் இது கட்டுக்குள் இருக்கும். பச்சை நட்சத்திரப் பாலிப்பும் செனியாவும் கண்டபடி படரும். அவற்றைப் பிரதானப் பாறையில் ஒட்டாமல் மணலில் தனிக் கல்லின் மேல் வையுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சோவாந்திட் இனங்கள் சிலவற்றில், முக்கியமாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது, வெந்நீரால் கழுவவும் கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

சின்னத் தொட்டி சுலபம் இல்லை

இடமும் செலவும் குறைவு என்று நாற்பது லிட்டர் நானோ தொட்டியில் தொடங்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணம் ஆவியாதல்.

நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாற்பது லிட்டரில் இரண்டு லிட்டர் ஆவியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு என்று இருந்த உவர்ப்பு 37-ஐத் தொட்டுவிடும். இருநூறு லிட்டர் தொட்டியில் நீர்ப்பரப்பு கூடுதல் என்பதால் அதைப்போல இரண்டு மடங்கு, நாலு லிட்டர், ஆவியானாலும் 35.7-தான் வரும். உவர்ப்புக்கு மட்டும் இல்லை, வெப்பத்துக்கும் அம்மோனியாவுக்கும் இதே கதைதான். செத்த நத்தை ஒன்று நானோ தொட்டியின் நீரைக் கெடுத்துவிடும், இருநூறு லிட்டரில் அது தெரியக்கூடத் தெரியாது.

அதற்காக ரொம்பப் பெரிய தொட்டிக்கும் போக வேண்டாம். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். இருநூறு லிட்டர் தொட்டி என்றால் கண்ணாடி, பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோவை நெருங்கும். தரை அதைத் தாங்குமா, சமமாக இருக்கிறதா என்று தொட்டி வருவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். நூற்றைம்பது முதல் இருநூறு லிட்டர் வரைதான் என் கணக்கில் நல்ல அளவு. தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள அவகாசம் தரும், நீர் மாற்றம் என்பது இருபது லிட்டர் வாளி ஒன்றோடு முடிந்துவிடும்.

இடம் இல்லாமல் நானோதான் முடியும் என்றால், தானாக நீர் நிரப்பும் கருவியை முதல் நாளே வாங்கிவிடுங்கள். அதில் ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்த நீர். உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

பின்னறையா, சம்ப்பா

எல்லாம் ஒன்றாய் வரும் தொட்டிகளில் கண்ணாடிக்குப் பின்னாலேயே வடிகட்டும் அறைகள் இருக்கும். குழாய் வேலை கிடையாது, வழிந்து தரையில் கொட்டும் பயமும் குறைவு. சம்ப் என்பது கீழே அலமாரிக்குள் இருக்கும் இரண்டாவது தொட்டி. மொத்த நீரின் அளவு கூடும், ஹீட்டரும் ஸ்கிம்மரும் கண்ணில் படாது, பெரிய ஸ்கிம்மர் வைக்க இடம் இருக்கும். இருநூறு லிட்டர் வரை மென்பவளத் தொட்டிக்குப் பின்னறைத் தொட்டியே போதும். அதற்கு மேல் போனால், அல்லது நாளைக்குக் கல்பவளத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், சம்ப் வைத்துவிடுவது நல்லது. சம்ப்புக்கு நீர் இறங்கும் துளையைப் பிறகு போடுவதென்றால் தொட்டியையே காலி செய்ய வேண்டியிருக்கும்.

விளக்கைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. எல்இடி போதும். மென்பவளம் இருக்கும் இடத்தில் பார் அளவு (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 50 முதல் 150 வரை இருந்தால் சரி. புது விளக்கை முதல் நாளே முழு வீச்சில் எரியவிடாமல் சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள்.

உயிர்ப்பாறையா, உலர்ந்த பாறையா

கடல்நீர்த் தொட்டியின் உண்மையான வடிகட்டி பாறைதான். 1960களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் லீ சின் எங் கடலிலிருந்து எடுத்த பாறையும் காற்றுக் குமிழும் வெயிலும் மட்டும் கொண்டு தொட்டிகள் வைத்துக் காட்டினார். அன்றைக்குப் பலர் நம்பவில்லை. பாறையின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும். பாறையின் ஆழத்துத் துளைகளில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வாழும் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். இன்றைக்கும் தொட்டி நடப்பது இதனால்தான்.

உயிரோடு வரும் பாறையில் இந்தக் கூட்டம் ஏற்கெனவே குடியிருக்கும். கூடவே பவளப்பாசி, கோப்பிபாட் என்கிற நுண்ணிய ஓட்டுயிர்கள், புழுக்கள், பஞ்சுயிர் என்று ஏகப்பட்டவை வரும். தொட்டி வேகமாகப் பக்குவப்படும். ஆனால் ஐப்டேசியா என்ற சின்ன அனிமோனும் தொற்றிக்கொண்டு வரலாம். அதைக் கிள்ளி எறிந்தால் விடுபட்ட துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். இறாலையும் நண்டையும் அடித்துத் தின்னும் மான்டிஸ் இறாலும் ஒளிந்து வரும். உலர்ந்த பாறையில் இந்தத் தொல்லை இல்லை. கடலிலிருந்து பெயர்த்தெடுக்கவும் வேண்டியதில்லை, விருப்பப்படி அடுக்கி ஒட்டவும் நேரம் கிடைக்கும். ஆனால் அது வெறும் கல். பாக்டீரியா குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதன்பிறகும் பல மாதங்களுக்குப் பழுப்புப் பாசி, பச்சைப் பாசி, சிவப்புப் படலம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து போகும்.

நான் சொல்வது இரண்டும் கலந்த வழி. முக்கால் பங்குக்கு மேல் உலர்ந்த பாறை, நம்பிக்கையான ஒருவருடைய நோயில்லாத தொட்டியிலிருந்து இரண்டு மூன்று கல் உயிர்ப்பாறை. பிறகு லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கு அம்மோனியா சேர்த்துப் பாருங்கள். ஒரே நாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் முதல் மீனை விடலாம். உயிருள்ள மீனை விட்டுத் தொட்டியைப் பழக்கும் பழைய முறை வேண்டாம். அந்த மீனின் செவுள் வெந்துபோகும். பிழைத்துவிட்டாலும் பெரும்பாலும் முரட்டு டாம்செல் மீனாகத்தான் இருக்கும், பிறகு வருபவை அத்தனையையும் அதுவே துரத்தும்.

நீர் விஷயத்தில் எனக்கு இரண்டு யோசனை இல்லை: சுத்திகரித்த நீரும் கலவை உப்பும்தான். கரையோரக் கடல்நீரில் என்ன கலந்திருக்கிறது என்று நம்மால் அறிய முடியாது. குழாய் நீரில் குளோரின், குளோராமின், பாஸ்பேட், சில சமயம் தாமிரமும் இருக்கும். ஆர்ஓவோடு அயனி நீக்கும் பிசினும் சேர்ந்து, டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) பூஜ்யம் காட்டும் நீரில் உப்பைக் கரைத்து, ஒரு நாள் சுழலவிட்டு, 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு மிதவை ஹைட்ரோமீட்டரைவிட ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது. அதையும் 35 அளவு உவர்ப்புக் கரைசலால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா

இந்த இடத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பண்ணையில் பிறந்த மீன் கிடைக்கும்போது கடலில் பிடித்ததை வாங்கக் கூடாது.

பங்காய் கார்டினல் என்ற மீன் இந்தோனேசியாவின் பங்காய் தீவுக்கூட்டத்தில்தான் இயற்கையாக வாழ்கிறது. ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாத்து, பொரிந்த குஞ்சுகளையும் சில நாள் அங்கேயே வைத்திருக்கும். மிதவைப் பருவம் கிடையாது. அதனால் குஞ்சுகள் வேறு கடலுக்குப் பரவுவதில்லை, ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்தால் அங்கே தீர்ந்ததுதான். மீன் தொட்டி வியாபாரத்துக்காகவே அளவுக்கு மீறிப் பிடித்ததால் 2007-இல் இது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வீட்டுத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யக்கூடிய மீன் இது. அப்படியிருக்க, கடலிலிருந்து எடுத்ததை வாங்க என்ன நியாயம் இருக்கிறது? சில பகுதிகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் இருந்துவந்திருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகத் தெரிந்து, வீட்டுக்கு வந்து சில வாரங்களில் காரணம் தெரியாமல் இறந்துபோகும்.

பண்ணை மீனுக்கு நடைமுறை லாபமும் உண்டு. குச்சித் தீனியும் உறைய வைத்த தீனியும் தின்னப் பழகியிருக்கும், தொட்டி வாழ்க்கையே அதற்குத் தெரிந்த வாழ்க்கை. கோமாளி மீனில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இரண்டு சின்னக் குஞ்சுகளை ஒன்றாக வாங்கினால் போதும். எல்லாம் ஆணாகவே தொடங்கி, வலியது பெண்ணாக மாறும் இனம் அது, தானாக ஜோடி சேர்ந்துவிடும். அனிமோன் என்கிற கடல் சாமந்தி இதற்குக் கட்டாயம் இல்லை. அது பக்குவமான தொட்டியும் வலுவான வெளிச்சமும் கேட்கும், இடம் பிடிக்காவிட்டால் ஊர்ந்து போய் வேவ்மேக்கரில் அரைபட்டுத் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடும். தோல் பவளத்தையே கோமாளி மீன் வீடாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

மாண்டரின் மீனின் வண்ணத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் பாறையில் நடமாடும் கோப்பிபாட்களைக் கொத்தித் தின்றே அது நாளைக் கழிக்கும். புதுத் தொட்டியில் அவை இருக்காது, மீன் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். தயவுசெய்து முதல் வருடத்தில் வாங்காதீர்கள்.

எங்கிருந்து வந்தாலும் மீனை நேரே பெரிய தொட்டியில் விடக் கூடாது. உள்ளே எதுவும் இல்லாத சின்னத் தொட்டி, ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. நாலு வாரமாவது அதில் இருக்கட்டும். வெண்புள்ளி நோய்க்கிருமி பிரதானத் தொட்டியில் நுழைந்துவிட்டால் மீன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மருந்து கொடுத்து, தொட்டியை 76 நாள் வரை மீனில்லாமல் விட வேண்டியிருக்கும். பாறைக்கு நடுவே ஒளிந்த மீனைப் பிடிக்க, அடுக்கிய பாறை முழுவதையும் கலைத்துப்போட்டவர்களுக்கு இந்தச் சின்னத் தொட்டியின் அருமை தெரியும்.

வாரம் எவ்வளவு வேலை

மென்பவளத் தொட்டி ஓரளவு பக்குவப்பட்ட பிறகு தினமும் தீனி போடுவது, வெப்பநிலையைப் பார்ப்பது, நிரப்பும் நீர் இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான். வாரம் ஒருநாள் பத்து சதவீத நீர் மாற்றம், கண்ணாடி துடைப்பது, ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுவது, நைட்ரேட்டும் காரத்தன்மையும் சோதிப்பது. நிதானமாகச் செய்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பெரிய மீன் தொட்டியில் இந்த நீர் மாற்றம் மட்டுமே அரை நாளைத் தின்றுவிடும்.

மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். வீட்டில் யாராவது தீனியை அளந்து போட ஆள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அறை வெப்பம் நெடுநாள் 30 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நீரைக் குளிர்விக்கும் சில்லரின் செலவையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள். தொட்டி 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். காற்றாடி இரண்டு மூன்று டிகிரி இறக்கும், ஆனால் ஆவியாதலும் அதோடு ஏறும். சிங்க மீன் மேல்தான் ஆசை, வேறெதுவும் வேண்டாம் என்பவர் பவளத்தின் பக்கம் வரவே வேண்டாம். அவர் ஐநூறு லிட்டரும் நல்ல ஸ்கிம்மரும் வாங்கும் வரை காத்திருந்து அந்த ஒரு மீனை அதற்குரிய மரியாதையோடு வளர்க்கட்டும்.

எந்த வகையை எடுத்தாலும் ஒரு சோதனை பொது. உயிர் எதையும் விடுவதற்கு முன், தொட்டி முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும்போது மின் இணைப்பை அணையுங்கள். சம்ப் இருந்தால் மேலிருந்து இறங்கும் நீர் அத்தனையையும் அது கொள்கிறதா, விளிம்பைத் தாண்டுகிறதா என்று நின்று பாருங்கள். தாண்டினால் சம்ப்பில் வழக்கமான நீர்மட்டத்தைக் குறைத்து, அந்த மட்டத்தில் கண்ணாடியில் ஒரு கோடு போடுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் அன்றைக்கே வேண்டும். கடல்நீரில் நன்னீரைவிட ஆக்சிஜன் குறைவாகவே கரையும், மின்சாரம் போய்விட்டால் வெப்பம் இறங்குவதற்கு முன்பே மூச்சுமுட்டல்தான் மீன்களைக் கொல்லும். பம்ப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், காற்றுக்கல்லோடும் குழாயோடும் பூட்டியபடியே வையுங்கள். இருட்டில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.